பூர்வபட்சம் ஓர் ஆன்மிக சாதனை

தத்துவத்தில் முதுகலை படிப்பதற்காக வட இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றின் விடுதியில் நான் தங்கியிருந்த நாட்களில் நடந்தது இது. ஆண்டுதோறும் நடைபெறும் விவாதப் போட்டிக்கு அந்த ஆண்டு அளிக்கப்பட்ட தலைப்பு, 'பிரார்த்தனையால் பயன் உண்டு' என்பதாகும். ஆதரித்துப் பேசுவது யார், எதிர்த்துப் பேசுவது யார் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார்கள். எனக்கு எதிர்த்தரப்பு வந்தது.

என் நம்பிக்கைக்கு அது மாறானதுதான். ஆயினும் போட்டி என்று வந்துவிட்டதால் நூலகத்தில் மூன்று நாட்கள் அமர்ந்து தயார் செய்தேன். எல்லாம் அறிந்த இறைவனுக்கு நம் குறையை எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியம் என்ன? வினைப்பயனே வாழ்க்கையை நடத்துகிறது என்றால் பிரார்த்தனைக்கு அங்கே என்ன வேலை? கேட்டவனுக்குக் கொடுத்து, கேளாதவனைக் கைவிடுபவன் நடுநிலையாளன் ஆவானா? இந்த மூன்று கேள்விகளையும் மேடையில் அடுக்கினேன். பலத்த கைதட்டல் எழுந்தது. முதற்பரிசும் கிடைத்தது.

அன்றிரவு பக்கத்து அறை மாணவர் என்னைத் தேடி வந்தார். என்னைவிட மூத்தவர், அங்குள்ள வழக்கப்படி அவரை 'பையா' என்று அழைப்போம். ஊரில் அவருடைய தாயார் நெடுநாட்களாக நோயுற்றிருந்தார். தினமும் மாலையில் அவர் அனுமான் சாலீசா படிக்கும் குரல் எங்கள் தாழ்வாரம் முழுவதும் கேட்கும்.

"மேடையில் நீ சொன்னதெல்லாம் உண்மைதானா?" என்று கேட்டார்.

"அது போட்டிக்காகப் பேசியது, பையா" என்றேன்.

"அப்படியானால் உண்மை எது? அதையும் சொல்லிவிடு."

நான் சிரித்து மழுப்பினேன். ஏனெனில் என்னிடம் விடை இல்லை. எதிர்த்தரப்புக்காக மூன்று நாட்கள் உழைத்த நான், என் தரப்புக்காக மூன்று நிமிடங்கள்கூடச் சிந்தித்ததில்லை. அதன் பிறகு சில நாட்கள் மாலையில் அந்தத் தாழ்வாரத்தில் சாலீசா ஒலிக்கவில்லை.

விவாதத்திற்காக எதிர்த்தரப்பை எடுத்துப் பேசுவது தவறா? ஆண்டுகள் பல கடந்தும் இந்தக் கேள்வி என்னை விட்டு நீங்கவில்லை. பாஷ்யங்களைப் படிக்கவும் மொழிபெயர்க்கவும் வாய்த்தபோது இதற்கு நம் ஆசாரியர்கள் தரும் விடை சிறிது சிறிதாகப் புலப்பட்டது. அதை அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

வாதம் மூவகை

நம் நாட்டில் விவாதத்திற்கு இலக்கணம் வகுத்த நூல்களுள் முதன்மையானது கௌதமரின் நியாய சூத்திரம். அது விவாதத்தை வாதம், ஜல்பம், விதண்டை என்று மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையை அறியும் பொருட்டு, பிரமாணங்களையும் தர்க்கத்தையும் துணைக்கொண்டு இரு தரப்பினரும் நிகழ்த்துவது வாதம். வெற்றி ஒன்றையே குறியாகக் கொண்டு, சொற்புரட்டு முதலிய உபாயங்களையும் கையாள்வது ஜல்பம். தனக்கென்று ஒரு கொள்கையை நிலைநாட்டாமல், பிறர் கொள்கையைத் தகர்ப்பதோடு நின்றுவிடுவது விதண்டை. 'விதண்டாவாதம்' என்று இன்றும் நாம் பேச்சுவழக்கில் சொல்வது இதைத்தான்.

யாரோடு வாதம் செய்யலாம் என்பதையும் அந்நூல் கூறுகிறது. குரு, சீடன், உடன் பயில்பவர், நன்மையை நாடுபவர் ஆகியோரோடு, அதுவும் பொறாமை அற்றவர்களோடு செய்ய வேண்டும். முளைத்துவரும் பயிரைக் காக்க முள்வேலி இடுவதுபோல, உண்மையைக் காக்க வேண்டிய இடத்தில் ஜல்பத்தையும் விதண்டையையும் பயன்படுத்தலாம் என்று அது அனுமதிக்கவும் செய்கிறது. ஆனால் வேலியைப் பயிர் என்று எண்ணிவிடக் கூடாது. நான் போட்டியில் செய்தது என்ன என்று எண்ணிப் பார்த்தேன். அங்கே வேலி இருந்தது, பயிர் இல்லை.

தோல்விக்கான இடங்கள் என்று 22 நிலைகளை நியாய சூத்திரம் பட்டியலிடுகிறது. அவற்றுள் ஒன்று சுவையானது. எதிராளி தம் கருத்தை மூன்று முறை கூறி, அவையோருக்கும் அது புரிந்துவிட்ட பிறகு, அதைத் திருப்பிச் சொல்ல இயலாதவர் தோற்றவராகக் கருதப்படுவார். மறுப்பதற்கு முன், மறுக்கப்படுவது இன்னதென்று காட்டியாக வேண்டும். எதிர்த்தரப்பை நம் வாயால் சரியாகச் சொல்லும் திறன், இவ்வாறு விவாதத்தின் நுழைவாயிலாக வைக்கப்பட்டது.

எதிர்த்தரப்புக்குத் தந்த இடம்

இந்தத் திறனே தத்துவ நூல்களில் 'பூர்வபட்சம்' என்ற பெயரில் ஓர் உறுப்பாக அமைந்தது. மீமாம்சையிலும் வேதாந்தத்திலும் ஆராய்ச்சிப் பகுதி ஒவ்வொன்றும் 'அதிகரணம்' எனப்படும். எடுத்துக்கொண்ட விஷயம், அதில் எழும் ஐயம், பூர்வபட்சம், சித்தாந்தம், முன்பின் தொடர்பு என்று அதற்கு ஐந்து உறுப்புகள் கூறப்படுகின்றன. பூர்வபட்சம் என்றால் முதலில் வைக்கப்படும் தரப்பு. அதாவது, எதிர்த்தரப்புக்கே முதலில் பேசும் உரிமை. அது இல்லாமல் சித்தாந்தம் இல்லை.

ஸ்ரீராமானுஜரின் ஸ்ரீபாஷ்யத்தில் முதல் சூத்திரத்திற்கான உரையைப் பார்க்கலாம். தம் கொள்கையை விரிவாக நிறுவும் 'மஹாசித்தாந்தம்' என்ற பகுதிக்கு முன்பு, தமக்கு உடன்பாடில்லாத அத்வைதக் கொள்கையை 'மஹாபூர்வபட்சம்' என்ற பகுதியில் அவர் விரிவாக எடுத்துரைக்கிறார். மிதிலையைச் சேர்ந்த வாசஸ்பதி மிசிரர் நியாயம், சாங்கியம், யோகம், மீமாம்சை, அத்வைதம் ஆகியவை அனைத்திற்கும் உரை நூல்கள் இயற்றினார். ஒன்றோடொன்று முரண்படும் இத்தத்துவங்களை எழுதும்போது, அந்தந்தத் தத்துவத்தின் உள்ளே நின்று எழுதினார். சாங்கியத்திற்கு உரை கூறும் இடத்தில் அவரிடம் நாம் காண்பது ஒரு சாங்கியரையே.

தமிழிலும் இந்த மரபு உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், பரபக்கம், சுபக்கம் என்று இரு பகுதிகளை உடையது. பரபக்கத்தில் பிறர் கொள்கைகளை ஒவ்வொன்றாகக் கூறி மறுத்த பிறகே, சுபக்கத்தில் தம் கொள்கையை விளக்குகிறார். பரபக்கம் உலகாயதத்தில் தொடங்குகிறது. மாதவரின் பெயரால் வழங்கும் 14-ஆம் நூற்றாண்டு நூலான சர்வதர்சன சங்கிரகமும், கடவுளையும் மறுமையையும் மறுக்கும் சார்வாகத்தையே முதல் அத்தியாயமாக வைக்கிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சார்வாகர்களின் மூல நூல்கள் நமக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. அவர்கள் கூறியவற்றைப் பெரும்பாலும் அவர்களை மறுத்தவர்களின் நூல்களிலிருந்தே அறிகிறோம். மறுத்தவர்கள் எல்லா இடத்திலும் நடுநிலையோடு எழுதினார்களா என்று அறிஞர்கள் கேட்கிறார்கள். அது நியாயமான கேள்வியே. எதிர்த்தரப்பைப் பேசுபவனின் பொறுப்பு எத்தகையது என்பதை இது உணர்த்துகிறது. பேசுவதற்கு எதிராளி இல்லாமல் போன இடத்தில், அவருக்காக எஞ்சியிருப்பது நம் நேர்மை ஒன்றே.

கர்நாடகத்தின் பைலகுப்பேயில் உள்ள திபெத்திய மடங்களில் இளம் துறவியர் முற்றத்தில் கூடி விவாதிப்பதை இன்றும் காணலாம். விடை கூறுபவர் அமர்ந்திருப்பார். கேள்வி கேட்பவர் நின்றபடி, காலைத் தரையில் ஊன்றிக் கைகளைத் தட்டிக் கேள்விகளைத் தொடுப்பார். கேட்பவர் தாம் நம்புவதையே கேட்க வேண்டும் என்பதில்லை. இன்று கேட்பவர் நாளை விடை கூறும் இடத்தில் அமர வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபையிலும், ஒருவரைப் புனிதர் என்று அறிவிக்கும் முன், அதற்கு எதிரான காரணங்களை எடுத்துரைப்பதற்கென்றே ஓர் அதிகாரி இருந்தார். 1587-இல் நிறுவப்பட்ட அந்தப் பதவியின் பணி 1983-இல் மாற்றி அமைக்கப்பட்டது. இந்த இடங்களில் எல்லாம் எதிர்த்தரப்பு ஒரு முறைமைக்குள் பேசப்பட்டது; ஒரு முடிவை நோக்கிப் பேசப்பட்டது.

இந்திரனின் சமித்து

இதுவரை கூறியது சபையில் நிகழும் பூர்வபட்சம். இதைவிட உயர்ந்த ஒன்று உண்டு. அது தனக்குத் தானே எழுப்பிக்கொள்ளும் பூர்வபட்சம். சாந்தோக்கிய உபநிடதத்தின் எட்டாம் அத்தியாயத்தில் வரும் வரலாறு இதைக் காட்டுகிறது.

ஆத்மாவை அறிய விரும்பி, தேவர்களின் சார்பில் இந்திரனும், அசுரர்களின் சார்பில் விரோசனனும் பிரஜாபதியிடம் சென்றார்கள். 32 ஆண்டுகள் பிரம்மசரியம் காத்தார்கள். முதல் உபதேசத்தைக் கேட்டு, நீரில் தெரிந்த தங்கள் உருவத்தையே ஆத்மா என்று எண்ணிக்கொண்டு இருவரும் மனநிறைவோடு திரும்பினார்கள். விரோசனன் நேராகத் தன் கூட்டத்தாரிடம் சென்று, உடலே ஆத்மா என்று போதிக்கத் தொடங்கிவிட்டான். இந்திரனோ பாதி வழியில் நின்றான். 'உடல் அலங்கரிக்கப்பட்டால் இந்த ஆத்மாவும் அலங்காரம் பெறுகிறது என்றால், உடல் குருடானால் இதுவும் குருடாகுமே. உடல் அழிந்தால் இதுவும் அழியுமே' என்று எண்ணினான்.

அவனை எதிர்த்து யாரும் வாதிடவில்லை. தான் பெற்ற உபதேசத்திற்குத் தானே எதிர்த்தரப்பாக நின்றான். கையில் சமித்தை ஏந்தி மீண்டும் குருவிடம் வந்தான். இவ்வாறு மூன்று முறை திரும்பி வந்து, மொத்தம் 101 ஆண்டுகள் தங்கி, முடிவில் உண்மையைப் பெற்றான்.

விரோசனனுக்கும் இந்திரனுக்கும் குரு ஒருவரே. முதல் உபதேசமும் ஒன்றே. இருவரையும் பிரித்தது அந்த ஒரு கேள்விதான். இன்னொன்றையும் நோக்க வேண்டும். ஐயம் எழுந்தவுடன் இந்திரன் அதைத் தேவசபையில் பேசிக் கைதட்டல் பெறவில்லை. ஐயத்தையும் சமித்தையும் ஒன்றாக ஏந்தி, விடை கிடைக்கும் இடத்திற்குச் சென்றான். கேள்வியோடு பணிவும் சேரும்போது பூர்வபட்சம் சாதனையாகிறது.

ஓர் ஆட்சேபம்

இங்கு ஓர் ஆட்சேபம் எழலாம். 'எதிர்த்தரப்பை இவ்வளவு வலிமையாகப் பேசினால் எளிய நம்பிக்கை உடையவர்கள் கலங்கிப் போக மாட்டார்களா? மேலும், பிறர் கொள்கையை ஆராய்வதும் மறுப்பதும் பகையைத்தானே வளர்க்கும்? முக்தியை நாடுபவனுக்குத் தன் வழி ஒன்றே போதாதா?'

இந்தக் கேள்வியின் ஒரு பாதியை ஆசாரிய சங்கரரே எழுப்புகிறார். பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் இரண்டாம் பாதத்தில் பிற தத்துவங்களை மறுக்கத் தொடங்குமுன், இவ்வாறு மறுப்பது பிறரிடம் வெறுப்பை உண்டாக்குமே என்ற ஆட்சேபத்தைத் தாமே முன்வைக்கிறார். அந்தத் தத்துவங்கள் பெரியோரால் ஏற்கப்பட்டவை. ஆழ்ந்த தர்க்கம் உடையவை. ஆகையால், அவையே முக்திக்கு வழி என்று சிலர் கொள்ளக்கூடும். அதனால்தான் ஆராய வேண்டியிருக்கிறது என்பது அவர் தரும் விடை. எதிர்த்தரப்பு அற்பமானது என்பதால் அவர் அதை எடுத்துக்கொள்ளவில்லை. அதன் மதிப்பை ஒப்புக்கொண்டே எடுத்துக்கொள்கிறார்.

மற்றொரு பாதிக்கு விடை கீதையில் உள்ளது. பத்தாம் அத்தியாயத்தில் தம் விபூதிகளைக் கூறும் பகவான் வாதத்திற்கும் அங்கே ஓர் இடம் தருகிறார். அதே பகவான்தான், செயலில் பற்றுக்கொண்ட எளியவர்களின் அறிவை அறிந்தவன் குழப்பக் கூடாது என்று மூன்றாம் அத்தியாயத்தில் எச்சரிக்கவும் செய்கிறார். இவ்விரண்டும் முரண்படுவதுபோல் தோன்றும். அப்படி இல்லை. விடைவரை உடன் வர இயன்றவரிடம் கேள்வியை எழுப்பலாம். வர இயலாதவரை நடுவழியில் விட்டுச் செல்வதுதான் குற்றம். பையாவை நான் நடுவழியில் விட்டேன்.

குமாரில பட்டரைப் பற்றி மாதவீய சங்கர விஜயம் கூறும் வரலாறு ஒன்று உண்டு. பௌத்தக் கொள்கையை மறுப்பதற்காக, தம்மை மறைத்துக்கொண்டு பௌத்த ஆசிரியர்களிடமே அவர் அதைக் கற்றாராம். வாதத்தில் வென்ற பின்னும், கற்பித்த குருவுக்குத் துரோகம் செய்தோமே என்ற எண்ணம் அவரை வாட்டியது. பிராயச்சித்தமாகப் பிரயாகையில் உமித்தீயில் அமர்ந்து உடலைத் துறந்தாராம். வரலாற்று ஆராய்ச்சியாளர்கள் இதை எவ்வாறு கொண்டாலும், மரபு இதன் மூலம் சொல்ல வருவது தெளிவு. எதிர்த்தரப்பைக் கற்றவனுக்கு எதிர்த்தரப்பிடம் ஒரு கடன் உண்டு. வென்றாலும் அந்தக் கடன் தீர்வதில்லை.

பையாவுக்குத் தர வேண்டிய விடை

என் கடனை நான் இப்போதாவது தீர்க்க முயல வேண்டும். அன்று நான் எழுப்பிய மூன்று கேள்விகளும் வலிமையானவையே. அவற்றைச் சிறுமைப்படுத்தாமல் விடை தேடுகிறேன்.

முதல் கேள்வி: இறைவன் அறியாததா? அறியாதது ஒன்றுமில்லை. பிள்ளைக்குப் பசிக்கும் நேரம் தாய்க்குத் தெரியும். ஆயினும் பிள்ளை 'அம்மா' என்று அழைக்கிறது. அந்த அழைப்பில் தாய்க்குப் புதிய செய்தி எதுவும் இல்லை. பிள்ளை தாயின் பக்கம் திரும்புகிறது, அவ்வளவுதான். பிரார்த்தனையும் அத்தகைய ஒரு திரும்புதல். அறிய வேண்டியவர் அவரல்லர். திரும்ப வேண்டியவர்கள் நாம்.

இரண்டாவது கேள்வி: வினைப்பயன் இருக்கப் பிரார்த்தனை எதற்கு? பிரார்த்தனையும் ஒரு வினைதான். 'எல்லாம் வினைப்படி நடக்கும், ஆகையால் மருந்து உண்ண மாட்டேன்' என்று நாம் சொல்வதில்லை. மருந்து உண்பது எவ்வாறு அந்த நியதிக்கு உட்பட்டதோ, அவ்வாறே மனம் உருகி வேண்டுவதும் அதற்கு உட்பட்டது. வேண்டிய நோயாளி பிழைத்தே தீர்வார் என்ற உறுதியை நான் தர மாட்டேன். அவ்வாறு தருபவர்களை நம்பவும் வேண்டாம். ஆனால் வேண்டிய மகன், தாயின் படுக்கை அருகே நிலைகுலையாமல் அமர்ந்திருக்கும் வலிமையைப் பெறுகிறான். அதுவும் பயனே.

மூன்றாவது கேள்வி: இறைவன் பாரபட்சம் உடையவனா? பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் முதல் பாதத்தில் இதே பூர்வபட்சம் வருகிறது. மழையை உவமையாக்கி ஆசாரிய சங்கரர் விடை தருகிறார். நெல்லுக்கும் பார்லிக்கும் மழை பொதுவானது. பயிர்கள் வேறுபடுவது விதையால். இந்த உவமையை நாம் சற்று நீட்டிப் பார்க்கலாம். உழுத நிலத்திலும் உழாத நிலத்திலும் மழை ஒன்றுபோலத்தான் பெய்கிறது. உழுத நிலம் நீரை உள்வாங்குகிறது; இறுகிய நிலத்தில் அது வழிந்தோடிவிடுகிறது. பிரார்த்தனை என்பது உழவு.

துன்பத்தில் அழைப்பவன் தாழ்ந்த பக்தன் என்று பையா எண்ணியிருந்தால், கீதையின் ஏழாம் அத்தியாயத்தை அவருக்குக் காட்டியிருப்பேன். பகவான் தம்மை வழிபடுபவர்களை நான்கு வகையாகப் பிரித்து, துன்புற்றவனை முதலில் கூறுகிறார். ஞானியைத் தமக்கு மிகவும் நெருங்கியவன் என்று சிறப்பித்தாலும், நால்வரையும் மேன்மையானவர்கள் என்றே ஏற்றுக்கொள்கிறார்.

'இவ்விடைகளில் பாதி மனத்தின் மாற்றத்தைத்தானே கூறுகின்றன? அதற்கு இறைவன் எதற்கு?' என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. அது அடுத்த பூர்வபட்சம். இந்திரனைப் போல அதையும் சமித்தோடு ஏந்திச் செல்வோம். முதல் உபதேசத்தோடு வீடு திரும்பாதவனுக்கே மேலும் மேலும் கிடைக்கிறது.

நாம் கைக்கொள்ள வேண்டியவை

அன்பர்களே, இது பண்டிதர்களுக்கு மட்டும் உரிய சாதனை அன்று. வீட்டில் மகன் ஒன்று சொல்கிறான், மனைவி ஒன்று சொல்கிறார், அலுவலகத்தில் உடன் பணிபுரிபவர் ஒன்று சொல்கிறார். மறுப்பு நம் நாவின் நுனியில் வந்து நிற்கிறது. அந்த நேரத்தில் அவர்கள் கூறியதை ஒரு முறை நம் வாயால் திருப்பிச் சொல்லிப் பார்ப்போம். 'ஆம், நான் சொன்னது இதைத்தான்' என்று அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகு மறுப்பைத் தொடங்கலாம். பல நேரங்களில் மறுக்க வேண்டிய தேவையே அப்போது இருப்பதில்லை.

எதிர்த்தரப்பைப் பேச நேர்ந்தால் அதன் வலிமையான வடிவத்தைப் பேசுவோம். எளிதில் சாய்வதற்காக ஒரு வைக்கோல் பொம்மையைச் செய்து, அதற்கு எதிராளியின் பெயரைச் சூட்ட வேண்டாம். கேட்பவர் யார் என்று பார்ப்போம். அவரைச் சித்தாந்தம்வரை அழைத்துச் செல்ல நேரமும் பொறுமையும் நமக்கு உண்டா என்று கேட்டுக்கொள்வோம். இல்லையெனில் மௌனமாக இருப்போம். ஆராய்ந்த பின் எதிர்த்தரப்பே உண்மை என்று தெரிந்தால், அதை ஏற்கும் துணிவும் வேண்டும். அந்தத் துணிவு இல்லாதவன் பேசுவது நாடகமாகவே முடியும்.

இரவில் உறங்குமுன் சில நிமிடங்கள், அன்று நாம் உறுதியாகப் பேசிய ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு எதிர்த்தரப்பாக நாமே நின்று பார்க்கலாம். அகங்காரம் தேய்வதற்கு இது எளிய வழி. நம்பிக்கையும் இதனால் குறைவதில்லை. கேள்வியைத் தாங்கி நின்ற நம்பிக்கை உறுதி பெறுகிறது.

பையாவின் அறையிலிருந்து ஒரு வாரத்திற்குப் பிறகு சாலீசா மீண்டும் கேட்டது. முன்பைவிடத் தாழ்ந்த குரலில். அவர் தாமாகவே ஒரு விடையைக் கண்டுகொண்டாரா, விடை இல்லாமலே படிக்கத் துணிந்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கு அன்று இல்லை. அந்தக் குரல் மீண்டும் ஒலித்த மாலையில், பரிசுக் கோப்பையை மேசையிலிருந்து எடுத்து அலமாரிக்குள் வைத்தேன்.

எதிர்த்தரப்பைப் பேசும் நாவையும், அதற்கு விடை தேடும் பொறுமையையும், கேட்பவரின் கலக்கத்தைக் காணும் கண்களையும் இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!